"போதும்" என்று அக்கா சொன்னபோது

என் அக்காவுக்கு வந்திருப்பது ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பணு நோய் என்று உறுதியானபோது அவளுக்கு வயது 58, இறக்கும்போது 61. அந்த மூன்று ஆண்டுகளில் கடைசிப் பதினான்கு மாதங்கள் நான் அவளோடு ஒரே வீட்டில் தங்கி அவளைப் பார்த்துக்கொண்டேன். தீரா நோயாளி ஒருவர் கேட்டுக்கொண்டால் அவர் சாவதற்கு மருத்துவர் உதவலாமா என்ற விவாதத்தில் எனக்கு அதற்கு முன்பே ஒரு கட்சி இருந்தது. உதவலாம் என்பவர்களின் பக்கம் நின்று, எதிரே இருப்பவர் வாயடைத்துப் போகும் வரை பேசியிருக்கிறேன். இன்று யாராவது கேட்டால் அவ்வளவு விரைவாகப் பதில் வருவதில்லை. கட்சி மாறிவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பதினான்கு மாதங்களில் நான் செய்த தவறுகளையும் தற்செயலாகச் சரியாகச் செய்த சிலவற்றையும் எழுதிவைத்தால், இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

இந்த நோய் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போகும். கை, கால், நாக்கு, தொண்டை என்று அடங்கி, கடைசியில் மூச்சுத் தசைகளில் வந்து நிற்கும். கண்ணின் அசைவு பெரும்பாலும் தப்பிவிடும். அறிவும் பலருக்குத் தெளிவாகவே இருக்கும். நோய் தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் என்பதுதான் பொதுவான கணக்கு. பார்க்க வந்தவர்களெல்லாம் ஸ்டீஃபன் ஹாக்கிங்கைச் சொன்னார்கள். 21 வயதில் நோய் கண்டு 76 வயது வரை இருந்தவர் என்பது உண்மைதான். அக்கா முப்பது ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். "ஒரு விதிவிலக்கை வைத்துக்கொண்டு சராசரி போடக் கூடாது" என்று, குழறத் தொடங்கியிருந்த நாக்கால் அவர்களுக்குப் பாடம் எடுத்தாள்.

பேச்சு முற்றிலும் நின்றுபோவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு மாலையில் அவள் என்னிடம், "எனக்கு ஒரு வழி பண்ணுடா தம்பி" என்றாள். புரியாததுபோல் நடித்தேன். அவள் மறுபடியும் சொன்னாள். "அப்படியெல்லாம் பேசக் கூடாதுக்கா" என்று சொல்லி, போர்வையை இழுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மேடையில் அந்த உரிமைக்காக வாதாடிய அதே ஆள்தான். அடுத்த இரண்டு மாதங்கள் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மனம் தெளிந்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். நாக்கில் வார்த்தை மிச்சமிருந்த அந்த இரண்டு மாதங்களை நான் வீணடித்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. நோயாளி சாவைப் பற்றி வாயெடுக்கும்போது நம் வாயில் முதலில் வருவது அந்த வாக்கியம்தான். அதை விழுங்கிவிட்டு, "சொல்லு, கேட்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பாதி வேலையை எனக்காகச் செய்தவர், குணமாக்க முடியாத நோயின் துன்பத்தைக் குறைக்கும் நோய்த்தணிப்பு மருத்துவர். வீட்டுக்கு வந்தவர் நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்து, "எதை நினைத்தால் அதிகம் பயமாக இருக்கிறது?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அக்கா பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒருமுறைகூட அவர் குறுக்கிடவில்லை. முதல் பயம், தொண்டை அடைத்து மூச்சுத் திணறிச் சாவது. இரண்டாவது, தம்பி தன் உடம்பைக் கழுவிவிடுவது. மூன்றாவது, மகளின் சேமிப்பு தன்னால் கரைவது. நான்காவது, ஒருநாள் கண்ணும் அசையாமல் போய், உள்ளே விழித்தபடி வெளியே எதுவும் சொல்ல வழியில்லாமல் கிடப்பது.

முதல் பயம் வீண் என்று அவர் விளக்கினார். இந்த நோயில் அடைப்பு ஏற்பட்டுத் திணறிச் சாவது மிக அரிது. பெரும்பாலானோருக்கு மூச்சு மெல்லக் குறைந்து, இரத்தத்தில் கரியமில வாயு கூடி, மயக்கம்போல் உறக்கம் வந்து, அதிலேயே முடிந்துவிடும். திணறல் வந்தாலும் அதைத் தணிக்க மார்ஃபினும் பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின் சாவை முன்னதாகக் கொண்டுவருவதில்லை என்பதை எனக்காக இரண்டு முறை சொன்னார். பயந்தது அக்காவைவிட நான்தான். அவசரத்துக்கு வேண்டிய மருந்துகளை ஒரு சிறு பெட்டியில் போட்டு, எந்த அறிகுறிக்கு எது, எவ்வளவு, யாரைக் கூப்பிட வேண்டும் என்று தாளில் எழுதி, மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுப் போனார். அந்தப் பெட்டியை நாங்கள் திறந்தது மூன்றே முறை. ஆனால் அது கண்ணில் படும்படி அலமாரியில் இருக்க வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டாள்.

இரண்டாவது பயத்துக்கு மருந்து இன்னும் எளிது. உடம்பு துடைக்கவும் உடை மாற்றவும் ஒரு பெண் செவிலியரை ஏற்பாடு செய்தோம். அதைச் செலவு என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவன் நான். "உன் வலி எனக்குப் புரிகிறது" என்று அத்தனை நாளும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் வலி முழுக்க என் கையில் இருந்த துணியில் இருந்தது. 1967-இல் லண்டனில் செயிண்ட் கிறிஸ்டோஃபர்ஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் தொடங்கி நோய்த்தணிப்பு மருத்துவத்துக்கு வித்திட்ட சிசிலி சாண்டர்ஸ், உடம்பின் வலி, மனத்தின் வலி, உறவுகளால் வரும் வலி, வாழ்வின் பொருள் குலைவதால் வரும் வலி எல்லாம் சேர்ந்ததையே முழு வலி என்றார். உதவியுடன் சாவதை அவர் கடைசிவரை எதிர்த்தார்; வலி தணிந்தால் சாகும் ஆசையும் தணியும் என்பது அந்தத் தரப்பின் நம்பிக்கை. எங்கள் வீட்டில் அது பெருமளவு உண்மையாயிற்று. முழுவதும் உண்மையாகவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பணத்தைப் பற்றிய மூன்றாவது பயத்தை மகள் தன் அம்மாவோடு தனியே பேசித் தீர்த்தாள். நான்காவதுக்கு யாரிடமும் பதில் இல்லை. மருத்துவரும் இருப்பதுபோல் காட்டிக்கொள்ளவில்லை.

பேச்சு நின்றபின் எங்களுக்கு மிஞ்சியது எழுத்துப் பலகை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் பதினெட்டு மெய்யையும் பன்னிரண்டு உயிரையும் வரிசை வரிசையாக எழுதிக்கொண்டோம். நான் வரிசைமேல் விரல் வைப்பேன். அவள் கண்ணை மேலே உயர்த்தினால் ஆம், மூடினால் இல்லை. முதலில் மெய்யைப் பிடித்துப் பிறகு உயிரைச் சேர்க்க வேண்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கேட்பவனின் அவசரம்தான் அதில் பெரிய எதிரி. இரண்டு எழுத்து வந்ததும் மீதியை நானே ஊகித்துச் சொல்லிவிடுவேன். தவறாக இருந்தால், மறுக்க மறுபடியும் உழைக்க வேண்டுமே என்று அவள் சில நேரம் விட்டுவிடுவாள். ஊகிப்பதை நிறுத்தும்படி மருத்துவர் சொன்னபின்தான் எத்தனை பொய்யான 'ஆம்'களை அவளிடமிருந்து வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது.

ஒரு பிற்பகலில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பலகையைக் கேட்டு விழி அசைத்தாள். பகரம், ஓகாரம். தகரம், உகரம். மகரம், புள்ளி. போதும். என் நெஞ்சு அடைத்தது. முந்தைய வாரம் முழுவதும் அவள் சாவைப் பற்றிக் கேட்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "வாழ்ந்தது போதும் என்கிறாயா அக்கா?" என்றேன். கண்ணை மூடினாள். திறந்தாள். மறுபடியும் மூடினாள். பிறகு எழுத்துக் கூட்டியது: கட்டில். தலை போதுமான அளவு உயர்ந்துவிட்டது, சுற்றுவதை நிறுத்து என்றிருக்கிறாள். அன்று அவளுக்குச் சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. சிரிப்பை அடக்கும் நரம்பும் இந்த நோயில் சிலருக்குத் தளர்ந்துவிடும்.

அழுகையும் அப்படித்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறு காரணத்துக்கும் காரணமின்றியும் அடக்க முடியாத அழுகை வரும். அதை மனத்துயரத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டிலிருந்து காணொளியில் பார்த்த எங்கள் அண்ணன், அவள் தேம்பியதைக் கண்டு, அவளுக்கு வாழ ஆசை இருக்கிறது, நான்தான் அவள் மனத்தைக் கலைக்கிறேன் என்று முடிவு கட்டினார். "கருணைக்கொலைக்கு என் வீட்டில் இடமில்லை" என்றார். இந்த விவாதத்துக்குத் தமிழில் வாய்த்திருக்கும் சொல்லே இப்படித் தீர்ப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. அவர் அதில் கொலையைப் பிடித்துக்கொண்டார், நான் கருணையைப் பிடித்துக்கொண்டேன். ஒரே சொல்லை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு பல வாரங்கள் தொலைபேசியில் சண்டை போட்டோம். அடுத்த அறையில் அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

இரவுகளில் மூச்சு இயந்திரம் இரைந்துகொண்டிருக்க, சாக உதவுவது பற்றிய பல நாட்டுச் சட்டங்களைப் படித்தேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல், ஆறு மாதத்துக்குள் இறப்பார் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதி செய்த நோயாளி, சாவதற்கான மருந்தைப் பெற்றுத் தானே உட்கொள்ளலாம். நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002 முதல் மருத்துவரே கொடுப்பதையும் அனுமதிக்கின்றன. சுவிட்சர்லாந்தில் 1942 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டம், தன்னலத்துக்காக உதவியவரை மட்டுமே தண்டிக்கிறது. பிரிட்டனின் மக்களவை 2025 ஜூனில் 314-க்கு 291 என்ற வாக்குகளில் ஒரு மசோதாவை நிறைவேற்றி மேலவைக்கு அனுப்பியது.

என் அக்காவை இவற்றில் பொருத்திப் பார்த்தால் பல இடங்களில் அவள் நழுவிப் போனாள். தானே உட்கொள்ள வேண்டும் என்றால், ஆறு மாதக் கெடு வரும்போது ஏ.எல்.எஸ். நோயாளிக்குக் கை இருக்காது, விழுங்கத் தொண்டையும் இருக்காது. முடியும்போதே செய்துகொள்ளலாம் என்றால், வாழ விருப்பமுள்ள மாதங்களைக் கைவிட்டு முன்னதாகவே போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2019-இல் நடைமுறைப்படுத்திய சட்டத்தில் இத்தகைய நரம்பு நோய்களுக்குக் கெடுவைப் பன்னிரண்டு மாதமாக்கி, தானே உட்கொள்ள இயலாதவருக்கு மருத்துவர் கொடுக்கவும் இடம் வைத்ததன் காரணம் இதுதான். நீதிமன்றங்களின் வரலாற்றிலும் இந்த நோய் அடிக்கடி வருகிறது. கனடாவில் இதே நோய் கண்ட சூ ரோட்ரிகஸ், தான் சாக மருத்துவர் உதவலாம் என்று கேட்டு, 1993-இல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு ஐந்து என்ற கணக்கில் தோற்றார். 22 ஆண்டுகள் கழித்து, 2015-இல், அதே நீதிமன்றம் ஒருமனதாகத் தடையை நீக்கியது. இங்கிலாந்தின் டயான் பிரிட்டி, தான் சாகக் கணவர் உதவினால் அவர்மீது வழக்குத் தொடுக்கக் கூடாது என்று கேட்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய்த் தோற்று, தீர்ப்பு வந்த இரண்டு வாரத்துக்குள் 2002 மே மாதம் இறந்தார்.

எதிர்ப்பவர்களின் வாதங்களில் என்னை உறுத்தியது ஒன்றுதான். உரிமை என்று கொடுப்பது, பிறருக்குச் சுமையாக இருக்கிறோம் என்று நினைப்பவர்மேல் கடமையாக இறங்கிவிடும் என்று மாற்றுத்திறனாளிகளின் இயக்கங்கள் பல சொல்கின்றன. கனடா 2021-இல், சாவு நெருங்காதவர்களுக்கும் சட்டத்தை விரித்தபோது அந்தக் குரல் இன்னும் ஓங்கியது. மேடையில் இருந்த நாளில் இதை மிகை என்று தள்ளியிருக்கிறேன். என் குறிப்பேடுதான் என்னை அசைத்தது.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் ஒரு குறிப்பேடு வைத்திருப்பது எல்லா வகையிலும் நல்லது. நான் மருந்து கொடுத்த நேரம், சளி உறிஞ்சிய நேரம், இரவில் எழுந்த முறை, அவள் எழுத்துக் கூட்டிச் சொன்ன முக்கியமான வாக்கியங்கள் ஆகியவற்றை எழுதிவந்தேன். ஒன்பதாவது மாதத்தில் மருத்துவர், "அவர் எப்போதெல்லாம் சாவைக் கேட்கிறார் என்று பார்த்தீர்களா?" என்றார். உட்கார்ந்து எண்ணினேன். பதின்மூன்று முறை. அவற்றில் ஒன்பது, நான் இரவில் மூன்று தடவைக்கு மேல் எழுந்த நாளின் மறு காலை. இரண்டு, அண்ணனோடு நான் கத்திப் பேசிய நாள். அவளுக்கு வலி கூடிய நாட்களோடு ஒட்டிவரும் என்று எதிர்பார்த்த எண்கள், என் களைப்போடு ஒட்டிவந்தன. காலையில் அவள் கண்ணைத் திறக்கும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தேன். இன்னொன்றையும் இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். அத்தகைய இரவுகள் சிலவற்றில், இது முடிந்தால் தேவலை என்று நானும் நினைத்திருக்கிறேன். சட்டம் வேண்டும் என்ற என் கொள்கைக்கும் அந்த நினைப்புக்கும் நடுவே நான் நம்பியிருந்த சுவர் அவ்வளவு தடிமனானது இல்லை.

அதன்பின் வாரத்தில் மூன்று இரவுகளுக்கு ஆள் வைத்தோம். நான் தூங்கினேன். கேட்பது குறைந்தது. ஒருவர் சாவைக் கேட்கும்போது, பார்த்துக்கொள்பவர் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார் என்பதையும் விசாரியுங்கள் என்று யாருக்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் பதின்மூன்றில் இரண்டு மிச்சம் இருக்கிறது. அந்த இரண்டு நாட்களின் பக்கத்தையும் பலமுறை புரட்டிப் பார்த்துவிட்டேன். முந்தைய இரவு அமைதி. வலி இல்லை, சளி இல்லை, சண்டை இல்லை. ஒருநாள் மகள் வந்திருந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டாவது நாளில் அக்கா நாற்பது நிமிடம் எடுத்துக் கூட்டிய வாக்கியத்தை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: "இன்று பயம் இல்லை. ஆனாலும் என் நாளை நான் குறிக்க வேண்டும்." இதை மனச்சோர்வு என்று சொல்லித் தள்ள என்னால் முடியவில்லை. ஓரிகன் மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளிலும் வலி முதலிடத்தில் இருப்பதில்லை. தன் வாழ்வின்மேல் தனக்கு இருந்த அதிகாரம் போய்விட்டது என்பதே பெரும்பாலும் முதல் காரணமாக வருகிறது.

நாங்கள் இருந்த இடத்தில் சாக உதவுவது குற்றம். சிகிச்சையை மறுப்பது நோயாளியின் உரிமை. இந்தியாவிலும் அப்படித்தான்: உச்ச நீதிமன்றம் 2018-இல் கண்ணியமாக இறப்பதையும் வாழ்வுரிமைக்குள் வைத்து, முன்கூட்டியே எழுதும் மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது, 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றது. எந்த நாடானாலும் அந்த ஆவணத்தைக் கையெழுத்துப் போடக் கை இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். நாங்கள் தாமதித்ததால், கட்டை விரல் ரேகை, சாட்சிகள், காணொளிப் பதிவு என்று அலைய நேர்ந்தது. தன் சார்பில் முடிவெடுப்பவராக மகளை அக்கா நியமித்தாள், என்னை அல்ல. அது எனக்கு வலித்தது. குறிப்பேட்டை எண்ணியபின் வலிக்கவில்லை. அண்ணனையும் மருத்துவரையும் ஒரே அழைப்பில் சேர்த்து, அக்காவின் வாக்கியங்களை அவள் கண் முன்னாலேயே பலகையில் கூட்டிக் காட்டச் செய்தது மருத்துவரின் யோசனை. அண்ணன் நாற்பது நிமிடமும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் கொலை என்ற சொல்லை எடுக்கவில்லை; சம்மதம் என்றும் சொல்லவில்லை.

பகலிலும் மூச்சு இயந்திரத்தின் மாஸ்க் இல்லாமல் மூச்சு விட முடியாது என்ற நிலை வந்தபோது, அக்கா ஒரு தேதியைக் கூட்டிச் சொன்னாள். இயந்திரத்தை விலக்குவது சாவுக்கு உதவுவதாகாது, நோய் தன் வழியில் போக விடுவதே என்று மருத்துவர் விளக்கினார். மாஸ்க்கை எடுப்பதற்கு முன்பே மூச்சுத் திணறல் தெரியாதபடி உறங்கவைக்கும் மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் சொன்னார். சட்டம் கிழித்த கோட்டை நான் மதிக்கிறேன். ஆனாலும் இயந்திரத்தில் இருந்த என் அக்கா நாள் குறிக்க முடிந்தது. அதே அளவு துன்பத்தில், கழற்ற எதுவும் பொருத்தப்படாமல் பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் குறிக்க முடியாது. இந்த வேறுபாட்டுக்கு எனக்கு ஒப்புக்கொள்ளும்படியான நியாயம் கிடைக்கவில்லை. எதிர்ப்பவர்கள் என் குறிப்பேட்டின் அந்த ஒன்பதைக் காட்டினால் என்னிடம் பதில் இல்லாததுபோலவே, ஆதரிப்பவர்கள் மிச்சமிருந்த அந்த இரண்டைக் காட்டினாலும் என்னிடம் பதில் இல்லை.

குறித்த நாள் வந்தபோது அவள் அதைத் தள்ளிவைத்தாள். காரணம் கேட்டோம். "என் நாள்தானே" என்று வந்தது. ஓரிகனில் மருந்துச் சீட்டு வாங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதை உட்கொள்ளாமலே இறக்கிறார்கள் என்று படித்திருந்தேன். அதன் பொருள் அன்று விளங்கியது. அடுத்த பதினோரு நாட்களும் அவள் எதுவும் கேட்கவில்லை. மகளை வைத்துப் பழைய மாணவர்கள் சிலருக்குக் கடிதம் எழுதினாள். பன்னிரண்டாம் நாள் காலை, தானே கண்ணை உயர்த்திப் பலகையைக் கேட்டாள்.

இந்த முறை நான் ஊகிக்கவில்லை. மூன்று எழுத்தும் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தபின், "கட்டிலா அக்கா?" என்றேன். அவள் கண்ணை மூடினாள், மூடியபடியே சிரித்தாள். மகள்தான் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னாள். குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் என் கையெழுத்து இரண்டு வரிதான்: ஊசி 11.10, மாஸ்க் 11.40. கீழே 12.25 என்று எழுதியிருப்பது செவிலியரின் கை.